ஏட்டையாவுக்கு ஒரு கதாநாயகன் வேடம்: புனேயும் போலீஸ் படங்களும்

2019 டிசம்பர் 20 அன்று ‘தபாங் 3’ திரைக்கு வந்தது. இயக்கம் பிரபுதேவா. சுல்புல் பாண்டே என்ற போலீஸ் அதிகாரியாக மூன்றாம் முறையும் சல்மான் கான், வில்லனாகக் கன்னடத்துச் சுதீப். இந்தியோடு தமிழ், தெலுங்கு, கன்னடத்திலும் பேசிய படம். அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்று பல விமர்சகர்கள் எழுதி முடித்துக்கொண்டார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களால் கூட்டம் குறைந்தது என்று வியாபார வட்டாரம் சொன்னது. இரண்டும் உண்மையே. ஆனால் அந்தப் படத்தை இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கும்போது, சலிப்பைவிடப் பெரிய கோளாறு ஒன்று கண்ணில் படுகிறது. போலீஸ் நகைச்சுவைப் படம் உயிரோடு இருப்பது போலீஸ்காரனைப் பார்த்து நாம் சிரிக்க முடிகிற வரைதான். பாகங்கள் ஏற ஏற, அவன் மேல் இருந்த சிரிப்பு மெல்ல நகர்ந்து, அவன் கையில் அடிபடுகிறவன் மேல் போய் விழுகிறது. மூன்றாம் பாகத்தில் அந்த இடமாற்றம் முழுமையாகிவிட்டது. இதை விளங்கிக்கொள்ள மும்பையைவிடப் புனே நல்ல இடம் என்று நினைக்கிறேன். போலீஸ் அதிகாரத்தைப் பார்த்து எப்படிச் சிரிப்பது, காக்கிக்குள் இருக்கும் ஆளை எப்படிக் காட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த நகரம் வெகு காலம் முன்பே விடை தேடியிருக்கிறது.

முதலில் ஒரு லாக்கப் சாவு. 1791-ல் நடந்தது. பேஷ்வாக்களின் ஆட்சியில் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர் நானா பட்நவிஸ். அவர் ஆதரவில் புனே நகரத்தின் கோத்வாலாக, அதாவது இன்றைய போலீஸ் கமிஷனருக்குச் சமமான பதவியில், இருந்தவர் காசிராம். வடக்கிலிருந்து வந்தவர். தெலுங்கு நாட்டிலிருந்து புனேக்கு வந்திருந்த பிராமணர்கள் சிலரை அவருடைய ஆட்கள் பிடித்து, காற்றுப் புகாத ஓர் அறையில் அடைத்தார்கள். விடிந்து திறந்தபோது இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். நகரம் கொதித்தெழுந்தது. கோத்வாலைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும் நானா அவரைக் கூட்டத்தின் கையில் விட்டார். காசிராம் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டார். பிடித்து அடைக்கப்பட்டவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்று எவரும் விசாரிக்கவில்லை. அடைத்தவரைக் கொன்றபோதும் எவரும் விசாரிக்கவில்லை. அவரை அந்தப் பதவியில் உட்கார வைத்தவர் மேல் ஒரு கல்கூட விழவில்லை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்தச் சம்பவத்தின் முழு வடிவம். இரண்டே கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் நம் செய்தித்தாள்களில் இதே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்தக் கதையை எடுத்துக்கொண்டு விஜய் டெண்டுல்கர் எழுதிய ‘காசிராம் கோத்வால்’ நாடகம் 1972 டிசம்பரில் புனேயில் அரங்கேறியது. ஜப்பார் படேல் இயக்கினார், பாஸ்கர் சந்தாவர்கர் இசையமைத்தார், மோகன் ஆகாஷே நானாவாக நடித்தார். மேடையில் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்பார்கள். பாடுவார்கள், ஆடுவார்கள், முதுகைத் திருப்பினால் சுவராகிவிடுவார்கள். அந்த மனிதச் சுவருக்குப் பின்னால் நடக்கக் கூடாதது நடக்கும். சுவர் பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். அரங்கு நிறையச் சிரிப்பு. தன் மகளை நானாவுக்குக் கொடுத்துக் கோத்வால் பதவியை வாங்குகிற காசிராம், நகரத்தில் இரவு நேரத்து நடமாட்டம் எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டு கேட்கத் தொடங்குகிறான். அதைப் பார்த்தும் அரங்கு சிரிக்கும். பிறகு திருட்டுப் பழி சுமத்தப்பட்ட ஒருவனைக் கொண்டுவந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தச் சொல்லும் காட்சி வரும். அந்த இடத்தில் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். அதுவரை சிரித்ததற்காகப் பார்வையாளர் கூசிப்போவார். டெண்டுல்கரின் கணக்கு அதுதான். அடிபடுகிறவனைப் பார்த்து யாரும் சிரித்துவிட முடியாதபடி நாடகத்தைக் கட்டியிருக்கிறார். கடைசியில் காசிராம் செத்த பிறகு நானா வந்து விழா அறிவிக்கிறார். பதவி கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நானாவைக் கேவலப்படுத்துகிறது, பிராமணர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, முதலில் மேடையேற்றிய குழு சில காட்சிகளோடு நாடகத்தை நிறுத்தியது. நடிகர்கள் வெளியேறித் தியேட்டர் அகாடமி என்று புதுக் குழு தொடங்கித் தொடர்ந்து நடத்தினார்கள். 1976-ல் இதைப் படமாக்கிய கூட்டுறவுக் குழுவில் மணி கௌல், சயீத் மிர்சா, கமல் ஸ்வரூப் ஆகியோரோடு நம்முடைய கே. ஹரிஹரனும் இருந்தார். பின்னாளில் ‘ஏழாவது மனிதன்’ எடுத்தவர்.

அதற்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னால், அதே நகரத்தில், காக்கிக்குள் இருக்கும் ஆளை எப்படிக் காட்டுவது என்ற இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்திருந்தது. கோலாப்பூரில் 1929-ல் தொடங்கிய பிரபாத் பிலிம் கம்பெனி 1933-ல் புனேக்கு இடம் பெயர்ந்தது. தமிழுக்கும் அதில் பங்கு உண்டு. பாபநாசம் சிவன் இசையமைத்து, எஸ். ராஜம் ராமராக நடித்த ‘சீதா கல்யாணம்’ பிரபாத் தயாரித்த படம். அந்தக் கம்பெனியின் பெயரை உலகுக்குக் கொண்டுபோனது ‘சந்த் துக்காராம்’. ஆனால் என்னைப் பொறுத்தவரை பிரபாத்தின் துணிச்சலான படம் 1939-ல் வி. சாந்தாராம் எடுத்த ‘மாணூஸ்’. இந்தியில் ‘ஆத்மி’. கதாநாயகன் கண்பத் ஒரு சாதாரண போலீஸ் கான்ஸ்டபிள். சாஹு மோடக் நடித்தார். விபசார விடுதியில் நடந்த சோதனையின்போது மைனா என்ற பெண்ணை அவன் காப்பாற்றிவிடுகிறான். மைனாவாக நடித்தவர் சாந்தா ஹுப்ளிகர். பழக்கம் காதலாகிறது. அவளைத் தன் தாயிடம் கூட்டிப்போகிறான். பூஜை, விரதம் என்று வாழும் அந்தத் தாயின் முன்னால் மைனாவுக்குக் கால் கூசுகிறது. ஓடிவிடுகிறாள். தன்னை விடாமல் பிடுங்கித் தின்கிற மாமனைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறாள். தப்பிக்க வைக்கிறேன் என்று கண்பத் சொல்லும்போது அவள் மறுக்கிறாள். காதல் தோற்றதும் குடித்துச் சாகிற ‘தேவதாஸ்’ அப்போது நாடெங்கும் ஓடியிருந்தது. அதற்கு மறுப்பாக, தோற்றவனும் வாழத்தான் வேண்டும் என்று சொல்வதற்காகச் சாந்தாராம் இந்தப் படத்தை எடுத்தார்.

‘மாணூஸ்’ சோகக் கதைதானே, போலீஸ் நகைச்சுவைப் படங்களோடு எப்படிச் சேரும் என்று கேட்கலாம். அதில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. மைனா ஆட்டக்காரியாகப் பல மொழிகளில் ஒரே பாட்டைப் பாடி எல்லா ஊர்க்காரனையும் மடக்குகிறாள். பம்பாய் டாக்கீஸ் படங்களில் வரும் மரத்தடிக் காதல் பாட்டை அப்படியே கேலி செய்யும் காட்சி ஒன்றும் உண்டு. ஆனால் நான் சொல்ல வருவது கண்பத்தைப் பற்றி. காக்கி அவனுக்கு வலிமையைக் கொடுக்கவில்லை, தடுமாற்றத்தைக் கொடுக்கிறது. சட்டப்படி பிடித்துக்கொடுக்க வேண்டிய பெண்ணை நேசிக்கிறான். உடன் வேலை பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்று பயப்படுகிறான். அவன் பயத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பில் அவன் மேல் பிரியம் கூடுகிறது. இத்தனைக்கும் அது வெள்ளைக்காரன் காலம். பம்பாயில் தணிக்கை வாரியத்துக்குத் தலைமை வகித்தவரே போலீஸ் கமிஷனர். மாகாணத்தில் 1937 முதல் காங்கிரஸ் மந்திரிசபை இருந்ததால் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது என்றாலும், போலீஸ் பற்றிய படத்தை எங்கே போய்க் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது சாந்தாராமுக்குத் தெரியும். அந்த நெருக்கடிக்குள் நின்றும் அவர் ஓர் அதிகாரியைக் கதாநாயகனாக்கிப் பாதுகாப்பாக ஒதுங்கிக்கொள்ளவில்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் நிற்கும் கான்ஸ்டபிளைத் தேர்ந்தெடுத்தார். இந்த ஒரு தேர்வைத்தான் நம் காலத்துப் படங்கள் அடியோடு தொலைத்துவிட்டன.

டெண்டுல்கர் மறுபடியும் போலீஸிடம் திரும்பியது 1983-ல். கோவிந்த் நிஹலானியின் ‘அர்த் சத்யா’வுக்குத் திரைக்கதை அவருடையது. சப்-இன்ஸ்பெக்டர் அனந்த் வேலன்கராக நடித்தவர் புனே திரைப்படக் கல்லூரியில் படித்த ஓம் பூரி. அந்தக் கல்லூரி பிரபாத் ஸ்டுடியோ இருந்த அதே வளாகத்தில் 1960-ல் தொடங்கப்பட்டது. அரசியல்வாதி ஆகிவிட்ட தாதாவைத் தொட முடியாத வேலன்கர், தன் ஆத்திரத்தையெல்லாம் லாக்கப்பில் இருக்கும் சின்னத் திருடன் ஒருவன் மேல் கொட்டி அடித்துக் கொன்றுவிடுகிறான். கோபக்கார போலீஸின் அடி கடைசியில் யார் மேல் விழும் என்பதை அந்தப் படம் மழுப்பாமல் சொன்னது. முடிவில் தாதாவையும் கொல்கிறான், ஆனால் நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சரணடைகிறான். பின்னாளில் எத்தனையோ படங்கள் அந்தக் கொலையை எடுத்துக்கொண்டன, சரணடைவதை விட்டுவிட்டன. இதே ஓம் பூரி 2010-ல் முதல் ‘தபாங்’கில் சுல்புல் பாண்டேயின் சக போலீஸாக வந்து நின்றார்.

அந்த முதல் ‘தபாங்’ எடுக்கப்பட்ட ஊரும் நம் கதைக்குள் வருகிறது. படத்தில் அது உத்தரப் பிரதேசத்து லால்கஞ்ச். பெரும்பகுதி படமானது புனேக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில், கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கும் வாய் என்ற ஊரில். வாய்க்குப் பக்கத்து மேணவலியில் நானா பட்நவிஸ் கட்டிய வாடாவும் (மாளிகை) படித்துறையும் இன்றும் இருக்கின்றன. ‘ஸ்வதேஸ்’ பார்த்தவர்கள் அந்தப் படித்துறையைப் பார்த்திருப்பார்கள். பேஷ்வா காலத்துக் கல் கட்டடங்கள், ஆறு, ஓட்டு வீடுகள், மும்பையிலிருந்து சில மணி நேரப் பயணம்: வட இந்தியச் சிற்றூர் வேண்டும் என்று கேட்கும் தயாரிப்பாளருக்கு இது போதும். 2003-ல் பிரகாஷ் ஜாவின் ‘கங்காஜல்’ இதே வாய்ப் பகுதியைப் பிகாராக ஆக்கியது. பாகல்பூரில் 1979–80-ல் விசாரணைக் கைதிகள் முப்பது பேருக்கும் மேல் கண்ணில் ஊசி குத்தி, அமிலம் ஊற்றிக் குருடாக்கப்பட்ட சம்பவம் அதற்கு அடிப்படை. போலீஸே செய்ததை ஊர் கொண்டாடுகிறது. அந்தக் கொண்டாட்டத்துக்கு எதிரே நின்று மறிக்கப் பார்க்கும் எஸ்.பி.யாக அஜய் தேவ்கன். ஏழே ஆண்டுகளில் அதே மண்ணில் போலீஸ் அத்துமீறல் ஆட்டமும் பாட்டும் ஆகிவிட்டது. இதை வைத்து முதல் ‘தபாங்’கைத் திட்ட நான் தயாரில்லை. அது நல்ல நகைச்சுவைப் படம், அதற்குக் காரணமும் உண்டு.

அபினவ் கஷ்யப் இயக்கிய அந்தப் படத்தில் சுல்புல் பாண்டே ஒரு லஞ்சப் பேர்வழி. கொள்ளைக்காரர்களைப் பிடித்து, கொள்ளைப் பணத்தைத் தானே வைத்துக்கொள்கிறான். தன்னை ராபின் ஹுட் என்று சொல்லிக்கொள்வதும் அவன்தான். வளர்ப்புத் தந்தைக்கும் தம்பிக்கும் அவனுக்கும் ஆகாது. வீட்டில் பாசம் கிடைக்காத பையனின் ஏக்கம் முறுக்கு மீசைக்குள் தெரிகிறது. அவன் ஒளித்து வைத்த பணத்தைத் தம்பி திருடுகிறான். சண்டைக்கு நடுவே எதிராளியின் செல்போன் ஒலிக்கிறது. சுல்புல் அடிப்பதை நிறுத்திவிட்டு அந்த மெட்டுக்கு ஆடத் தொடங்குகிறான். அந்தக் காட்சியில் நாம் சிரிப்பது அவனைப் பார்த்து. அவன் அசட்டுத்தனம், அலட்டல், தன்னைப் பற்றி அவனுக்கே இருக்கும் மிகையான நினைப்பு எல்லாம் அந்தச் சிரிப்புக்குள் வருகின்றன. இவன் யோக்கியன் என்று படம் நம்மிடம் சத்தியம் செய்யவில்லை. அதனால் அவன் வரம்பு மீறும்போது, மீறுகிறான் என்பது நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. காசிராம் நாடகம் எட்டிய உயரம் அதற்கு இல்லை, அது அந்த உயரத்தை நாடவும் இல்லை. ஆனாலும் சிரிப்பு சரியான ஆள் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டாம் பாகம் 2012-ல் கான்பூருக்குப் போய்ப் பிரகாஷ்ராஜை வில்லனாக்கி முதல் பாகத்தையே மறுபடி செய்தது. அதில் நின்று பேச அதிகம் இல்லை.

மூன்றாம் பாகம் வேறு வேலையைச் செய்தது. சுல்புல் எப்படிச் சுல்புல் ஆனான் என்று பின்னோக்கிப் போனது. அவன் போலீஸ் ஆவதற்கு முன்பு குஷி என்றொரு பெண்ணை நேசித்திருக்கிறான். அவளை மருத்துவம் படிக்க வைக்க நினைத்திருக்கிறான். வரதட்சணை கூடாது என்று பேசியிருக்கிறான். அவள் கொல்லப்பட்டதில் பிறந்ததே இன்றைய சுல்புல். அவன் பெயருக்குக்கூட அவள்தான் காரணம். முதல் பாகத்தில் விளக்கமே இல்லாமல் நம்மைச் சிரிக்க வைத்த ஒவ்வொரு கோணங்கித்தனத்துக்கும் இங்கே ஒரு துயரக் காரணம் ஒட்டப்படுகிறது. துயரம் ஒட்டியதும் அவனைப் பார்த்துச் சிரிப்பது மரியாதைக் குறைவாகிவிடுகிறது. இனி யாரைப் பார்த்துச் சிரிப்பது? அடிபடும் அடியாட்களைப் பார்த்து. சண்டைக் காட்சிகள் நீளுகின்றன, உடல்கள் பறக்கின்றன, பக்கத்தில் நிற்கும் காவலர்கள் கைதட்டுகிறார்கள். லஞ்சம் வாங்கியவன் நியாயவானாகிவிட்டான், அவன் கை நீட்டினால் அது தீர்ப்பாகிவிட்டது. பிரபுதேவா ஆட்டத்தில் நகைச்சுவையைக் கொண்டுவரத் தெரிந்தவர், ‘போக்கிரி’யை இந்தியில் ‘வாண்டட்’ ஆக்கி வெற்றி கண்டவர். அவர் கையிலும் இந்தக் கதை சிரிக்க மறுக்கிறது என்றால், கோளாறு இயக்கத்தில் இல்லை, கதாநாயகனுக்குக் கோயில் கட்டும் எண்ணத்தில் இருக்கிறது.

தமிழில் இந்தப் பயணம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஹரியின் ‘சிங்கம்’ 2010-ல் தூத்துக்குடி மாவட்டத்து நல்லூரில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரோடு தொடங்கியது. மளிகைக் கடைக் குடும்பத்துப் பையன், ஊர்ப் பஞ்சாயத்தைப் பேசித் தீர்க்கிறவன், மாற்றல் ஆகிச் சென்னைக்குப் போகிறவன். 2013-ல் வந்த இரண்டாம் பாகம் தென்னாப்பிரிக்கா வரை போனது. 2017-ல் ‘சி3’ ஆந்திரத்துக்கும் அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் பறந்தது. ஊர் பெரிதாகப் பெரிதாகக் காவல் நிலையம் காணாமல் போயிற்று. புகார் கொடுக்க வந்து பெஞ்சில் காத்திருக்கும் கிழவி, எஃப்.ஐ.ஆர். எழுதும் ரைட்டர், ராத்திரி ரோந்து, எல்லாம் போய்விட்டன. சிரிப்பு என்னவாயிற்று? அது தனியாக வெட்டி எடுக்கப்பட்டுக் கான்ஸ்டபிளிடம் கொடுக்கப்பட்டது. முதல் பாகத்தில் விவேக்கின் எரிமலை, மூன்றாம் பாகத்தில் சூரி. அதிகாரிக்கு உறுமல், ஏட்டையாவுக்கு அசடு. ‘மருதமலை’யில் வடிவேலுவின் ‘என்கவுண்டர் ஏகாம்பரம்’ இந்தப் பிரிவினையின் உச்சம். மறக்க முடியாத நகைச்சுவை அது, சந்தேகமே இல்லை. ஆனால் கண்பத்திடம் ஒரே உடம்பில் இருந்த பயமும் நேர்மையும் அங்கே இரண்டு ஆட்களாகப் பிளக்கப்பட்டுவிட்டன. இந்திக்குப் போனபோது ‘சிங்கம்’ படத்தின் கதாநாயகன் துரைசிங்கம் பாஜிராவ் சிங்கம் ஆனார். பாஜிராவ் என்பது புனேயில் சனிவார் வாடாவைக் கட்டிய பேஷ்வாவின் பெயர். 2011-ல் வந்த அந்தப் படத்தின் முடிவில் காவல் துறையே ஒன்றுதிரண்டு வில்லனைச் சட்டத்துக்கு வெளியே தீர்க்கிறது. ‘கங்காஜல்’லில் கூட்டத்தை மறித்து நின்ற அதே அஜய் தேவ்கன் இங்கே கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். தொடரின் 2024 படமான ‘சிங்கம் அகெய்ன்’ ராமாயணத்தை உருவகமாக்கி இலங்கைக்கே போனது. கடவுளின் இடத்தில் வைக்கப்பட்ட ஆளைப் பார்த்து யார் சிரிக்க முடியும்?

எந்தத் தொடரும் மூன்றாம் பாகத்தில் களைத்துப்போகும், இதில் அதிகாரம், அறம் என்று பேச என்ன இருக்கிறது என்பது ஒரு மறுப்பு. களைப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களைத்த தொடர்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்வதில்லை. நகைச்சுவைத் தொடர் களைத்தால் ஜோக்குகள் பழசாகும். கதாநாயகன் இன்னும் கோமாளியாவான். போலீஸ் தொடர்களில் மட்டும் ஒவ்வொரு பாகத்திலும் கதாநாயகன் இன்னும் புனிதமாகிறான், எதிரே நிற்கிறவன் இன்னும் மிருகமாகிறான். ‘தபாங்’, தமிழ் ‘சிங்கம்’, இந்தி ‘சிங்கம்’ என்று மூன்று வெவ்வேறு கைகள் எழுதிய தொடர்களும் ஒரே திசையில் போயிருக்கின்றன. சந்தையின் அவசரம் ஒரு காரணம். காக்கிச் சட்டை மேல் நம் சமூகம் வளர்த்துக்கொண்ட பக்தி இன்னொரு காரணம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இன்னொரு மறுப்பு, படம் படம்தான், ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியும் என்பது. தெரியும், படம் பார்த்து யாரும் கொலை செய்யப் புறப்படுவதில்லை. ஆனால் எதைப் பார்த்துப் பதறுவது, எதைப் பார்த்துக் கைதட்டுவது என்பதில் படங்களுக்குப் பங்கு இல்லை என்று சொல்ல முடியுமா? ‘தபாங் 3’ வெளியாவதற்கு இரண்டு வாரம் முன்பு, 2019 டிசம்பர் 6 அதிகாலையில், ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சம்பவ இடத்தில் போலீஸ்காரர்கள் மேல் ஜனங்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளியானது. நால்வரும் வேண்டுமென்றே சுடப்பட்டதாகவும், பத்துப் போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் அது சொன்னது. அதற்குள் பூவெல்லாம் காய்ந்து போயிருந்தது, அறிக்கையைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் 2023 செப்டம்பரில் காவல் துறை சீர்திருத்தம் பற்றிய கூட்டத்தில் பேசும்போது, ‘சிங்கம்’ இந்திப் படத்தின் முடிவுக் காட்சியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சட்டத்தின் நடைமுறையைப் பொறுக்க முடியாத அந்த மனநிலை ஆபத்தானது என்றார். தமிழில் இதைவிட நெருக்கமான சாட்சி உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகப் பிடித்துப் போகப்பட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அதே தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான இயக்குநர் ஹரி சில நாட்களில் அறிக்கை விட்டார். காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக மிகவும் வேதனைப்படுகிறேன் என்றார். ‘சாமி’ இரண்டு, ‘சிங்கம்’ மூன்று. அந்த அறிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன். தமிழ்நாட்டில் அதிகம் ஓடிய போலீஸ் படங்களை எடுத்தவரே, படத்துக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது என்று ஏற்றுக்கொண்ட தருணம் அது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு. வழக்கு முடியப் பல ஆண்டுகள் ஆகிற நாட்டில், பணமும் ஆள்பலமும் இருக்கிறவன் வெளியே திரிகிற நாட்டில், ஏழைக்கு இரண்டரை மணி நேரமாவது நியாயம் கிடைத்த நிம்மதி வேண்டாமா? அந்த நிம்மதியைப் பறிக்க நீ யார்? இந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. கதாநாயகன் ஊழல் மந்திரியை அறையும்போது தியேட்டரில் எழும் விசிலில் நிஜமான வலி இருக்கிறது. ஆனால் அறைகிற கை நிஜத்தில் எங்கே போய் இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1791-ல் புனேயில் மூச்சு முட்டிச் செத்தவர்கள் அந்நிய ஊரிலிருந்து வந்து, கேட்க ஆள் இல்லாமல் இருந்தவர்கள். பாகல்பூரில் கண் போனவர்கள் விசாரணைக் கைதிகள், பலருக்கு வக்கீல்கூடக் கிடையாது. ஏழைக் கைதிக்கு அரசு செலவில் வக்கீல் வைத்துத் தர வேண்டியது அரசின் கடமை என்று 1981-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அவர்களுடைய வழக்கில்தான். சாத்தான்குளத்தில் செத்தவர்கள் செல்போன் கடை வைத்துப் பிழைத்தவர்கள். மந்திரிகள் இந்தப் பட்டியலில் இல்லை. விசில் அடிக்கிறவனுக்கு லாக்கப்பின் எந்தப் பக்கத்தில் இடம் காத்திருக்கிறது என்பதை ‘அர்த் சத்யா’ சொன்னது; வெற்றிமாறனின் ‘விசாரணை’யும் சொன்னது. நிம்மதி தருகிறேன் என்று சொல்லும் படம், நிம்மதி தேடி வந்தவனை அடிக்கும் கைக்கே முத்தம் கொடுக்கச் சொல்கிறது. அதைக் கலை என்ற பெயரில் என்னால் ஏற்க முடியவில்லை.

புனேயில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பழைய படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தது. பி.கே. நாயர் என்ற ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு அதில் இருக்கிறது. 2003 ஜனவரியில் அங்கே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் ஏற்பட்ட தீயில் பழைய நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்துபோயின. அதைத் தாண்டியும் ‘மாணூஸ்’ நம்மிடம் இருக்கிறது. ‘தபாங் 3’ கைபேசியில் ஒரு தொடுதலில் கிடைக்கும்போது, ‘மாணூஸ்’ திரைப்படச் சங்கத்துக்காரர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் படமாக ஒதுங்கிவிட்டது வருத்தமான விஷயம். தமிழ்ச் சப்டைட்டிலோடு அது நம் திரைப்பட விழாக்களில் ஓட வேண்டும். கல்லூரிகளில் போட்டுக் காட்ட வேண்டும். நமக்கும் வழி தெரியாமல் இல்லை. 2021-ல் ‘ரைட்டர்’ காவல் நிலையத்தில் எழுதும் வயதான போலீஸ்காரரைக் கதையின் நடுவே உட்கார வைத்தது. 2022-ல் ‘டாணாக்காரன்’ பயிற்சிக் கல்லூரியில் சாதாரணக் காவலர் படும் பாட்டைக் காட்டியது. இரண்டும் கனமான படங்கள், சிரிப்பு குறைவு. சிரிப்பையும் அங்கே கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. இன்னொரு ‘சிங்கம்’, இன்னொரு ‘தபாங்’ எழுத உட்காருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அதிகாரியைக் கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்புங்கள். எட்டு மணி நேர வேலை இல்லாத, லீவு கேட்டால் திட்டு வாங்குகிற, அடிக்கச் சொன்னால் கை நடுங்குகிற ஒரு ஏட்டையாவைக் கதாநாயகனாக்கி, அவரைப் பார்த்து எங்களைச் சிரிக்க விடுங்கள்.